டி-ஷர்ட் அச்சுக்கு எந்தப் பருத்தித் துணி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெயர், படம், வாசகம் எதுவானாலும் வாடிக்கையாளர் கேட்டபடி டி-ஷர்ட்டில் அச்சிட்டுத் தரும் தொழிலைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் முக்கால்வாசி, துணியைப் பற்றியே இருந்தன. திருப்பூரில் நிட்டிங் எனப்படும் துணி பின்னல், அச்சு இரண்டு பட்டறைகளிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இது மகிழ்ச்சி அளிக்கிறது. ஏனென்றால் இயந்திரத்துக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, துணியில் கிலோவுக்கு இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்த் தொழிலையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வீட்டிலேயே சிறிய அளவில் தொழில் தொடங்க இருக்கிறேன். திருப்பூர் காதர்பேட்டையில் விசாரித்தபோது ஒரு கடையில் 160 ஜிஎஸ்எம் என்றார்கள், இன்னொரு கடையில் 180, மற்றொன்றில் 200. ஜிஎஸ்எம் கூடக்கூடத் தரம் கூடும் என்கிறார்களே, உண்மையா? (வாசகி, நாமக்கல்)

பதில்: ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை இருக்கிறது என்பதே ஜிஎஸ்எம். துணியின் கனத்தைத் தவிர அந்த எண் வேறு எதையும் சொல்லாது. குணம் நூலில் இருக்கிறது. ஆகவே கடைக்குப் போனதும் முதலில் நூலின் கவுண்ட்டைக் கேளுங்கள், அடுத்து கோம்ப்டா கார்டடா (இவற்றை அடுத்த பதிலில் விளக்கியிருக்கிறேன்) என்று கேளுங்கள், ஜிஎஸ்எம்மை மூன்றாவதாகக் கேட்டால் போதும்.

ஒரு பவுண்டு எடையுள்ள பருத்தி நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை தேறுகின்றனவோ, அதுவே அந்த நூலின் கவுண்ட். முப்பது சிட்டம் தேறினால் அது 30ஆம் நம்பர் நூல். எண் ஏற ஏற நூல் மெலியும். டி-ஷர்ட்டுக்கு வழக்கமாகப் பயன்படும் சிங்கிள் ஜெர்சி என்ற ஒற்றைப் பின்னல் துணியில் 30ஆம் நம்பர் நூல் ஏறத்தாழ 140 முதல் 160 ஜிஎஸ்எம்மையும், 24ஆம் நம்பர் 180ஐ ஒட்டியும், 20ஆம் நம்பர் 200க்கு மேலும் கொடுக்கும். இந்தப் பொருத்தம் குலைந்திருந்தால் சற்று நின்று யோசிக்க வேண்டும். 20ஆம் நம்பர் முரட்டு நூலை, கண்ணியைப் பெரிதாக விட்டுத் தளர்வாகப் பின்னியும் 180 ஜிஎஸ்எம் துணி எடுக்க முடியும். தராசில் அதுவும் 24ஆம் நம்பர் நூலில் நெருக்கமாகப் பின்னிய துணியும் ஒரே எடைதான். ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால் முதல் துணியில் சல்லடை போல வெளிச்சம் ஒழுகும். அந்தத் துளைகளின் வழியே மையும் ஒழுகி உள்பக்கம் போய்விடுவதால் அச்சு திட்டுத்திட்டாக விழும். இரண்டு சலவைக்குள் சட்டையும் சுருங்கிவிடும்.

எடையைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பட்டறைகளில் ஜிஎஸ்எம் கட்டர் என்ற வட்டக் கத்தியால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டி நிறுப்பார்கள், துண்டு 1.8 கிராம் இருந்தால் துணி 180 ஜிஎஸ்எம். உங்களிடம் கட்டர் இல்லாவிட்டால் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில் ஒரு சதுரத்தை அளந்து வெட்டி, நகை நிறுக்கும் சிறு தராசில் வைத்து நூறால் பெருக்கிக்கொள்ளலாம். ரோலின் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு துண்டுகளாவது எடுப்பது நல்லது.

தொடக்கத்தில் ஒரே ஒரு துணிதான் வாங்க முடியும் என்றால், 24ஆம் நம்பர் கோம்ப்டு நூலில் பின்னி, பயோ வாஷ் செய்த 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சியை வாங்குங்கள். கிட்டத்தட்ட எல்லா வகை அச்சுக்கும் அது ஈடுகொடுக்கும்.

கேள்வி: கோம்ப்டு, செமி கோம்ப்டு, கார்டட், பயோ வாஷ் என்று விற்பனையாளர்கள் அடுக்குகிறார்கள். இவற்றால் அச்சுக்கு என்ன வேறுபாடு? கடையில் நின்றபடியே கண்டுபிடிக்க வழி உண்டா? (வாசகர், மதுரை)

பதில்: பஞ்சில் நீளமான இழையும் குட்டை இழையும் கலந்தே இருக்கும். கார்டிங் இயந்திரம் பஞ்சைப் பிரித்துச் சீராக்குமே தவிர, குட்டை இழைகளை அவ்வளவாக அகற்றாது. அதற்குப் பிறகு சீப்பு போட்டு வாருவது போல ஒருமுறை வாரி, குட்டை இழைகளையும் முடிச்சுகளையும் கழித்துவிட்டு நூற்றால் அது கோம்ப்டு. அரைகுறையாக வாரினால் செமி கோம்ப்டு. வாரும்போது நூற்றுக்குப் பதினைந்து பங்கையொட்டிப் பஞ்சு கழிவாகப் போய்விடும். கோம்ப்டு நூலின் விலை கூடுவதற்கு அதுவே காரணம்.

அச்சுக்கு இது ஏன் முக்கியம் என்பதை என் சொந்த நஷ்டத்தைக் கொண்டே சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்லூரி விழாவுக்காகக் கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்து அச்சிட்டு முந்நூறு சட்டைகள் கொடுத்தேன். விலை கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காகக் கார்டட் துணி எடுத்திருந்தேன். கொடுத்த அன்று எழுத்து பளிச்சென்று இருந்தது. மூன்றே வாரத்தில் ‘வெள்ளை மை சாம்பலாகிவிட்டது, சாயம் போய்விட்டது’ என்று மாணவர்கள் சட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மை எங்கும் போகவில்லை. துவைக்கும்போது துணியின் குட்டை இழைகள் ஒவ்வொன்றாக எழுந்து, வெள்ளை மைப் படலத்தைத் துளைத்துக்கொண்டு கறுப்பு மயிர்களாக வெளியே நின்றன. தூரத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அது சாம்பல் நிறமாகத் தெரிந்தது. எவ்வளவு விலை உயர்ந்த மையை வாங்கியிருந்தாலும் இந்தக் குறை தீர்ந்திருக்காது. அந்த முந்நூறு சட்டைகளையும் வேறு துணியில் மறுபடி செய்து கொடுத்தேன்.

பயோ வாஷ் என்பது, மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இந்தப் பிசிறுகளைச் செல்லுலேஸ் என்ற நொதியைக் கொண்டு அரித்து நீக்கும் வேலை. துணி வழுவழுப்பாகும், அச்சின் ஓரம் கூர்மையாக விழும். ஆனால் துணியின் எடையும் பலமும் இதில் சற்றுக் குறையும். தரம் குறைந்த கார்டட் துணியைக் கடுமையாகப் பயோ வாஷ் செய்து, கோம்ப்டு போலக் காட்டி விற்பதும் நடக்கிறது. அந்த மினுமினுப்பு நாலைந்து சலவை தாங்கும், பிறகு புதிய பிசிறுகள் எழத் தொடங்கிவிடும்.

கடையில் செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. துணியை ஆள்காட்டி விரல்மேல் மடித்து, மடிப்பின் விளிம்பைக் கண்ணுக்கு நேராக வெளிச்சத்தில் பிடியுங்கள். அந்த விளிம்பில் நிற்கும் மயிர்களே நாளை உங்கள் அச்சைத் துளைக்கப்போகிறவை. அடுத்து, அடர்நிறத் துணியில் வெள்ளைப் புள்ளிகள் தூவியது போலத் தெரிகிறதா என்று பாருங்கள். முதிராத பஞ்சு சாயம் ஏற்காமல் அப்படி நிற்கும். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரை விடுங்கள். அச்சுக்குத் தயாரான பருத்தி அதை உடனே உறிஞ்ச வேண்டும். சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பது போல முத்தாக உருண்டு நின்றால், துணியை மென்மையாக்கும் சிலிகோன் சாஃப்ட்னர் அதிகமாகப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். கைக்குப் பட்டுப்போல இருக்கும் அந்தத் துணியில் தண்ணீர் கலந்த மை எதுவும் சரியாகப் பற்றாது. சாயமிடக் கொடுப்பவராக நீங்களே இருந்தால், ‘பிரிண்டிங்குக்குப் போகிற துணி, சாஃப்ட்னரைக் குறையுங்கள்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெரிய ஆர்டராக இருந்து சந்தேகம் தீராவிட்டால், கோயம்புத்தூரில் 1956 முதல் இயங்கிவரும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ராவில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஸ்கிரீன் பிரிண்டிங், டிடிஜி, டிடிஎஃப், சப்ளிமேஷன் ஆகியவற்றில் எதற்கு எந்தத் துணி? (வாசகர், சேலம்)

பதில்: இந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு துணி வாங்குகிறவர்களுக்குப் பாதிச் சிக்கல் வராது.

சப்ளிமேஷனை முதலில் தள்ளி வைத்துவிடுகிறேன்: அது பாலியெஸ்டருக்கான முறை. சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஆவியாகும் அந்தச் சாயம் பாலியெஸ்டர் இழைக்குள் போய் உட்காரும். பருத்தியில் அதற்கு இடமில்லை, முதல் சலவையிலேயே வெளுத்துவிடும்.

டிடிஜி என்பது இயந்திரம் நேரடியாகத் துணிமேல் மையைத் தெளித்துப் படம் போடும் முறை. தண்ணீர் அடிப்படையிலான இந்த மைக்குப் பருத்தியே உகந்தது. துணியின் குறையை ஒளிவுமறைவில்லாமல் காட்டிக்கொடுக்கிற முறையும் இதுவே. அடர்நிறச் சட்டையில் முதலில் முன்பூச்சுத் திரவத்தைத் தெளித்து, அதன்மேல் வெள்ளை மையும், அதற்குமேல் வண்ணமும் ஏற்ற வேண்டியிருப்பதால், மேற்பரப்பு சமமாகவும் நெருக்கமாகவும் இல்லாவிட்டால் முகப்படத்தில் கன்னம் புள்ளிபுள்ளியாக வரும். டிடிஜிக்கு 24 அல்லது 30ஆம் நம்பர் கோம்ப்டு, நெருக்கமான பின்னல், குறைந்த சாஃப்ட்னர் ஆகிய மூன்றிலும் சமரசம் செய்துகொள்ளாதீர்கள்.

டிடிஎஃப் முறையில் படத்தைப் படலத்தில் அச்சிட்டு, உருகும் பசைத்தூள் தூவி, வெப்ப அழுத்தத்தில் துணிமேல் ஒட்டுகிறோம். இது பருத்தி, பாலியெஸ்டர் என்று பாராமல் ஒட்டும். அதனாலேயே துணியைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அது சரியல்ல. 140 ஜிஎஸ்எம் மெல்லிய துணியில் மார்பு முழுவதும் ஒரு டிடிஎஃப் படத்தை ஒட்டினால், அந்த இடம் அட்டை போல விறைத்து நிற்கும், நம் ஊர் வெயிலுக்கு உள்ளே வியர்வை தங்கும். பெரிய படத்துக்கு 180க்குக் குறையாத துணி எடுங்கள், அல்லது படத்தில் இடைவெளி விட்டு வடிவமையுங்கள்.

வலைச் சட்டத்தின் வழியே மையைத் தள்ளி அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மையைப் பொறுத்துத் துணி மாறும். பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மை துணியின்மேல் படலமாக நிற்கும். படலம் முழுவதும் 160 டிகிரியை எட்டினால்தான் வெந்து இறுகும். அந்தச் சூட்டில் துணியும் சுருங்கும் என்பதை மறக்கக் கூடாது: நான்கு நிற அச்சில் முதல் நிறத்தைச் சூடுகாட்டி உலர்த்தும்போதே துணி சற்றுச் சுருங்கிவிட்டால், அடுத்த நிறம் தன் இடத்தில் விழாது. பிக்மென்ட் பேஸ்ட் என்ற நிறமிக் கூழ் துணியோடு படிந்து மென்மையாக இருக்கும், வெளிர்நிறத் துணிகளுக்கு ஏற்றது. டிஸ்சார்ஜ் முறையோ, துணியில் ஏற்கெனவே உள்ள சாயத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் புது நிறத்தை வைப்பது. தடவிப் பார்த்தால் அச்சு இருப்பதே தெரியாத அளவுக்கு மென்மை கிடைக்கும், எனக்கு மிகவும் பிடித்த முறையும் அதுதான். ஆனால் அதற்குத் துணி முழுப் பருத்தியாகவும், அழியக்கூடிய ரியாக்டிவ் சாயத்தில் (பருத்தி இழையோடு பிணையும் சாய வகை) தோய்த்ததாகவும் இருக்க வேண்டும். டர்க்காய்ஸ் நீலம் கலந்த நிறங்கள் அழியாமல் அடம்பிடிக்கும். ஆகவே டிஸ்சார்ஜ் என்றால் ரோல் வாங்குவதற்கு முன்பே ஒரு கைக்குட்டை அளவுத் துண்டு கேட்டு வாங்கி அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சுவின், சுப்பிமா போன்ற உயர்ரகப் பருத்தியில் சட்டை செய்தால் அச்சு இன்னும் நன்றாக வருமா? (வாசகர், கரூர்)

பதில்: சுவின் நம் கோயம்புத்தூரில் சுஜாதா ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் இணைத்து உருவாக்கப்பட்ட மிக நீண்ட இழைப் பருத்தி, 1974இல் வெளியிடப்பட்டது. நமக்குப் பெருமைதான். ஆனால் அதன் மேன்மை 100ஆம் நம்பருக்கு மேற்பட்ட மெல்லிய நூலில்தான் வெளிப்படும். 24, 30ஆம் நம்பர் நூலுக்குக் குஜராத்தின் சங்கர்-6 ரகப் பஞ்சு போதுமானது. அந்தப் பணத்தை நல்ல கோம்ப்டு நூலுக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: மெரூன் நிறச் சட்டையில் வெள்ளை எழுத்து அச்சிட்டோம். இரண்டே நாளில், துவைக்காமலேயே எழுத்து இளஞ்சிவப்பாகிவிட்டது. நூறு சதவீதப் பருத்தி என்று சொல்லித்தான் துணியை விற்றார்கள். (வாசகர், கோவில்பட்டி)

பதில்: தாங்கள் வாங்கிய துணியில் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. பாலியெஸ்டருக்குப் போடும் சாயம் சூடு பட்டால் ஆவியாகி மேலே நகரும் இயல்புடையது. மையை வேகவைக்கும் சூட்டில் கிளம்பி, பிளாஸ்டிசால் படலத்துக்குள் புகுந்து, மெல்ல மெல்ல வெள்ளையைச் சிவப்பாக்கும். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் இழையோடு வேதிப்பிணைப்பு கொள்வதால் இப்படி நகர்வதில்லை.

அடுத்த முறை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்புக் காட்டிப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவது போன்ற வாசத்தோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிச் சுருண்டு, ஆறியபின் நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணியாக நுனியில் நிற்கும். கலப்புத் துணியிலேயே அச்சிட வேண்டிய கட்டாயம் வந்தால், சாயம் ஏறாமல் தடுக்கும் அடிப்பூச்சை முதலில் போட்டு, குறைந்த வெப்பத்தில் வேகும் மையைப் பயன்படுத்த வேண்டும்.

துவைத்தபின் சாயம் கசிந்து வெள்ளை எழுத்தின்மேல் படிவது வேறு கதை. அது முழுப் பருத்தியிலும் நடக்கும். ரியாக்டிவ் சாயத்தில் இழையோடு பிணையாமல் எஞ்சிய பகுதியைக் கொதிநீரில் சோப்புப் போட்டுப் பலமுறை அலசி வெளியேற்ற வேண்டும். நொய்யல் மாசடைந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதற்குப் பிறகு, கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஆலைகள் இயங்குகின்றன. நதிக்கும் அதன் கரை விவசாயிகளுக்கும் அந்த நிபந்தனை மிக அவசியமானது. ஆனால் ஒவ்வொரு அலசலுக்கும் செலவு கூடிவிட்டதால், அலசலைக் குறைத்து விலையைக் குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, அடர்நிறத் துணியின்மேல் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால், ஒரே தடவையில் தோய்த்த அந்த லாட்டையே வாங்காதீர்கள்.

கேள்வி: எங்களிடம் வாங்கிய சட்டையைத் துவைத்தபின் பக்கவாட்டுத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிட்டது, படமும் கோணலாகத் தெரிகிறது என்று வாடிக்கையாளர்கள் புகார் செய்கிறார்கள். அச்சிட்டது எங்கள் தவறா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உங்கள் அச்சில் பிழையில்லை. நூலில் அடங்காத முறுக்கு இருந்தால், தண்ணீரில் நனைந்ததும் அது தன்னைத் தளர்த்திக்கொள்ளப் பார்க்கும். அப்போது கண்ணிகள் ஒருபக்கமாகச் சாயும். சிங்கிள் ஜெர்சியில் முகமும் முதுகும் ஒரே மாதிரி இல்லாததால் அந்தச் சாய்வைத் தடுத்து நிறுத்த எதுவுமில்லை. சாயமிட்ட துணியை முறையாகக் காம்பேக்டிங் (துணியை நெருக்கி முன்கூட்டியே சுருக்கும் வேலை) செய்யாமல், அகலமும் எடையும் கணக்குக்கு வர வேண்டும் என்று இழுத்து உலர்த்தியிருந்தால் சுருக்கமும் சேர்ந்துகொள்ளும்.

இதை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். துணியை ஒருநாள் மேஜைமேல் தளர விட்டுவிட்டு, அழியாத மார்க்கரால் ஐம்பதுக்கு ஐம்பது சென்டிமீட்டரில் ஒரு சதுரம் வரையுங்கள். வாடிக்கையாளர் வீட்டில் எப்படித் துவைப்பார்களோ அப்படியே மூன்று முறை துவைத்து, நிழலில் பரப்பி உலர்த்தி அளந்து பாருங்கள். 47.5 சென்டிமீட்டராகக் குறைந்திருந்தால் சுருக்கம் ஐந்து சதவீதம். அதுவே என் எல்லை, அதற்குமேல் போனால் ரோலைத் திருப்பிவிடுவேன். சதுரம் சாய்சதுரமாகியிருந்தால் அது திருகும் துணி. சுருங்கும் துணியில் பிளாஸ்டிசால் படலம் மட்டும் சுருங்காமல் நிற்பதால், படத்தைச் சுற்றிலும் கொசுவம் விழுவதையும் இதே துண்டில் ஒரு சிறு படம் அச்சிட்டுப் பார்த்துவிடலாம். ஒரு சட்டைக்கான துணியும் இரண்டு நாளும் இதற்குச் செலவாகும். எவ்வளவு அவசரமான ஆர்டரானாலும் நான் இதைத் தவிர்ப்பதில்லை.

கேள்வி: நூறு சட்டைகளுக்கு எத்தனை கிலோ துணி வாங்க வேண்டும்? துணி வாங்கித் தைப்பதா, தைத்த சட்டையாகவே வாங்குவதா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: நடுத்தர அளவுக்குக் கணக்கிடுவோம். உடல் நீளம் 70, கை நீளம் 20, தையலுக்கும் மடிப்புக்கும் 10, ஆக 100 சென்டிமீட்டர். மார்பின் பாதி 52, தையலுக்கு 4, ஆக 56. முன்னும் பின்னுமாக 112. இரண்டையும் பெருக்கினால் 11,200 சதுர சென்டிமீட்டர், அதாவது 1.12 சதுர மீட்டர். 180 ஜிஎஸ்எம் துணியில் இது சுமார் 202 கிராம். வெட்டுக்கழிவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 222 கிராம். நூறு சட்டைக்கு 22 கிலோவுக்குச் சற்று மேல், பெரிய அளவுகளும் கலந்திருந்தால் 25 கிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்கு, அதுவும் நிறமும் அளவும் கலந்து வருகிற ஆர்டருக்கு, தைத்த வெற்றுச் சட்டைகளையே வாங்குவது நல்லது. ஒரு சட்டையைக் கூடுதலாக வாங்கி மேற்சொன்ன சோதனைகளைச் செய்துவிடுங்கள். மாதந்தோறும் ஒரே நிறத்தில் சில நூறு சட்டைகள் போகும் நிலை வந்தபிறகு துணி வாங்கித் தைக்கலாம். அப்படி வாங்கும்போது உடல் துணியையும் கழுத்துப்பட்டிக்கான, இழுபடும் ரிப் துணியையும் ஒரே லாட்டில் சேர்த்துத் தோய்த்ததாக வாங்க வேண்டும். தனித்தனியே வாங்கினால் கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு கறுப்பும் வெயிலுக்கு வந்ததும் வெவ்வேறாகத் தெரியும். ரிப்பில் ஐந்து சதவீதம் லைக்ரா என்ற மீள்தன்மை இழை இருக்கட்டும், இல்லாவிட்டால் நான்கு முறை தலைவழியே மாட்டிக் கழற்றியதும் கழுத்து தொங்கிவிடும்.